பாடியவர் போன பிறகு ஹிட்டான பாட்டு: ஜிம் குரோச்சியின் ‘டைம் இன் எ பாட்டில்’ பிறந்த கதை

2014-ல் வந்த ‘எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சமையலறைக் காட்சி மறந்திருக்காது. காவலர்கள் சுடுகிறார்கள். தோட்டாக்கள் காற்றில் மிதக்கின்றன. குவிக்சில்வர் என்கிற அந்த இளைஞன் மட்டும் காதில் ஹெட்போனோட, சாவகாசமா சுவரில் ஓடி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக விரலால் திசைதிருப்பி விடுகிறான். பின்னணியில் மெல்லிய கிட்டார், மெல்லிய குரல். காலம் கைநழுவிப் போகக்கூடாதே என்று ஏங்குகிற பாட்டு அது. காலமே நின்றுபோன காட்சிக்கு அதைப் போட்டதுதான் இயக்குநரின் குறும்பு. தியேட்டர்களில் சிரிப்பு அள்ளியது. பாட்டைத் தேடிப்போன புதுத் தலைமுறை ரசிகர்களும் உண்டு.

தேடிப்போனவர்களுக்குக் கிடைத்த கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை. பாட்டின் பெயர் ‘டைம் இன் எ பாட்டில்’. எழுதிப் பாடியவர் ஜிம் குரோச்சி. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தபோது அவர் இறந்து 3 மாதம் ஆகியிருந்தது. வயது 30. கையில் பணமும் இல்லை.

பாட்டைக் கேட்கிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: தன் சாவு அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உண்மையில் அந்தப் பாட்டு பிறந்தது சாவை நினைத்து அல்ல, ஒரு பிறப்பை நினைத்து.

யார் இந்த ஜிம் குரோச்சி?

1943 ஜனவரி 10-ல் பிலடெல்பியாவில் ஓர் இத்தாலிய-அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தார். படித்தது வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உளவியல், 1965-ல் பட்டம். படிக்கும் காலத்திலேயே கிட்டாரும் கையுமாகத்தான் அலைந்தார். 1963-ல் பிலடெல்பியாவில் நடந்த ஒரு நாட்டுப்புறப் பாடல் நிகழ்ச்சிக்கு நடுவராகப் போன இடத்தில் இங்கிரிட் என்ற பெண்ணைச் சந்தித்தார். பாட்டுப் பாட வந்த பெண். பிறகு இருவரும் ஜோடியாகப் பாட ஆரம்பித்து, 1966-ல் திருமணமும் செய்துகொண்டார்கள். இங்கிரிட் யூதர் என்பதால் ஜிம் மதம் மாறினார்.

கல்யாணப் பரிசாக ஜிம்மின் பெற்றோர் 500 டாலர் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் காசில் ஓர் இசைத்தட்டு போட வேண்டும். பையன் மேல் அவ்வளவு நம்பிக்கையா? இல்லை, நேர் எதிர். தட்டு விற்காது, பையனுக்குப் புத்தி வரும், படித்த படிப்புக்கு ஏற்ற வேலையைத் தேடிக்கொள்வான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ‘ஃபேசட்ஸ்’ என்ற அந்த ஆல்பம் 500 பிரதிகள் அச்சானது. அத்தனையும் விற்றுப்போனது! பெற்றோரின் கணக்கு தப்பிப்போச்சு.

ஆனா 500 தட்டு விற்பதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாதே. ஜிம் செய்யாத வேலை இல்லை. கட்டுமானத் தளத்தில் கூலி, லாரி ஓட்டுநர், பள்ளியில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஆசிரியர், ரேடியோவுக்கு விளம்பரம் எழுதுகிற வேலை. சம்மட்டி அடித்ததில் ஒரு விரல் உடைந்து, கிட்டார் வாசிக்கும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நேஷனல் கார்டு படையில் பயிற்சிக்குப் போனபோது, ஊரில் விட்டுவந்த காதலியோடு பேசப் பொதுத் தொலைபேசி முன் வரிசைகட்டி நின்ற சிப்பாய்களைப் பார்த்தார். அதிலிருந்துதான் பின்னாளில் ‘ஆபரேட்டர்’ பாட்டு வந்தது. அவருடைய பாட்டுகளில் வருகிற ரவுடிகள், லாரிக்காரர்கள், கார் கழுவும் ஆள் எல்லோரும் அவர் பார்த்துப் பழகிய ஆட்கள்.

அந்த 3 ஒப்பந்தங்கள்

1968-ல் தம்பதி நியூயார்க் போனார்கள். கல்லூரித் தோழர் டாமி வெஸ்ட் அங்கே டெர்ரி கேஷ்மன் என்பவரோடு சேர்ந்து இசைத் தயாரிப்பில் இறங்கியிருந்தார். செப்டம்பரில் ஜிம்மும் இங்கிரிட்டும் கையெழுத்துப் போட்டது ஒன்றல்ல, மூன்று ஒப்பந்தங்கள். ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாடல் உரிமைக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று. பத்தி பத்தியாக இருந்த சட்ட வாசகங்களை அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கியவர் ஒரு வழக்கறிஞர். அவர் ‘நம்ம வக்கீல்’ என்றுதான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அவர் இருந்தது மேசைக்கு அந்தப் பக்கம். தங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை, அதை யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. இந்த விஷயம் 14 வருஷம் கழித்து நீதிமன்றத்தில் மறுபடி வரும்.

1969-ல் கேப்பிடல் நிறுவனம் வெளியிட்ட ‘ஜிம் அண்ட் இங்கிரிட் குரோச்சி’ ஆல்பம் போன இடம் தெரியவில்லை. அதை விற்க ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகக் காரில் சுற்றியதுதான் மிச்சம். நியூயார்க் வாழ்க்கை கசந்துபோய், கிட்டார்களை விற்று வாடகை கட்டிவிட்டு, பென்சில்வேனியாவில் லிண்டெல் என்ற சின்ன ஊரில் ஒரு பண்ணை வீட்டுக்குக் குடிபோனார்கள். ஜிம் மறுபடி லாரி ஓட்டினார். பாட்டெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் இருந்திருக்கும்.

அங்கேதான் மோரி மியூலைசன் வந்து சேர்ந்தார். நியூஜெர்சியின் டிரென்டன் ஊர்ப் பையன், ஜிம்மைவிட 6 வயது இளையவர். முறையாகப் பியானோ படித்தவர், கிட்டாரில் விரல் விளையாடும். சுவாரசியம் என்னவென்றால், முதலில் மோரிதான் பாடகர், ஜிம் அவருக்குப் பக்கவாத்தியம். 1970-ல் மோரியின் ஆல்பம் வந்து, அதுவும் போகவில்லை. பிறகு இடம் மாறினார்கள். ஜிம் பாட, மோரி அந்தப் பாட்டின் ஓரங்களில் கோலம் போடுவதுபோல இன்னொரு கிட்டாரை இழையவிட்டார். ஜிம் குரோச்சியின் சவுண்டு என்று இன்று உலகம் சொல்வதில் சரிபாதி மோரியுடையது. அவர் பெயர் இவ்வளவு குறைவாகச் சொல்லப்படுவது அநியாயம்தான்.

ஒரு டிசம்பர் இரவு

1970 டிசம்பரில் இங்கிரிட் தான் கருவுற்றிருப்பதை ஜிம்மிடம் சொன்னார். அவருக்கு வயது 27. நிலையான வேலை இல்லை. இரண்டு ஆல்பங்கள் வந்தும் பெயர் இல்லை. லாரி ஓட்டினால் சோறு, பாடினால் பட்டினி என்ற நிலைமை. குழந்தை என்றதும் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. பாட்டுக்கு என்று ஒரு நாள் ஒதுக்கினால் அது குடும்பத்திடமிருந்து எடுத்த நாள். குடும்பத்துக்கு என்று ஒதுக்கினால் பாட்டு போச்சு. ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான் இருக்கிறது என்பது யாருக்கும் புதுசு இல்லை, ஆனால் அப்பா ஆகப்போகிறவனுக்கு அது உறைக்கிற விதமே வேறு. அந்தக் கவலையை அன்று இரவு பாட்டாக எழுதினார்.

பாட்டு முழுவதும் ஓர் ஆசைதான். நேரத்தை எங்காவது அடைத்து வைக்க முடிந்தால், அதைப் பிரியமானவருக்காகவே செலவு செய்யலாம் என்ற ஆசை. சாவு என்ற சொல்லே அதில் கிடையாது.

கட்டமைப்பும் அதற்கேற்றபடிதான். மூன்று மூன்று தட்டாகப் போகும் வால்ட்ஸ் தாளம். ஆசையைச் சொல்லும் பகுதி மைனரில், கிட்டாரின் கீழ்ச்சுரங்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும், மணல் கடிகாரம் மாதிரி. பல்லவிக்கு வந்ததும் சட்டென்று மேஜருக்கு மாறும். இருட்டான அறையில் ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். ஆனால் அங்கே பாடுவது நல்ல செய்தி இல்லை, நேரம் போதவில்லை என்பதைத்தான். சோகமான சொல்லுக்கு வெளிச்சமான இசை. இந்த ஒரு விஷயம்தான் பாட்டை அழுகாச்சியாகாமல் காப்பாற்றுகிறது. மொத்தமே இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஜிம் தன் புதுப் பாட்டுகளை டேப்பில் பதிந்து கேஷ்மனுக்கும் வெஸ்ட்டுக்கும் அனுப்பினார். 1971-ல் நியூயார்க்கின் ‘ஹிட் ஃபேக்டரி’ ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. பாட்டில் கிட்டாருக்கு ஊடே கேட்கிற அந்தப் பழங்காலக் கணகண ஓசையைக் கவனித்திருக்கலாம். அது ஹார்ப்சிகார்டு, பியானோவுக்கு முந்தைய காலத்து வாத்தியம். யாரும் யோசித்துத் திட்டமிட்டு வரவழைத்தது இல்லை. வேறொரு பதிவுக்காக வந்த வாத்தியம் ஸ்டூடியோவிலேயே கிடந்திருக்கிறது. டாமி வெஸ்ட் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார், பொருந்திப்போச்சு. அந்த வாத்தியத்தை அன்றே எடுத்துப் போயிருந்தால் பாட்டு இப்படிக் கேட்டிருக்காது.

1971 செப்டம்பர் 28-ல் மகன் பிறந்தான். பெயர் ஏட்ரியன் ஜேம்ஸ், சுருக்கமாக ஏ.ஜே.

ஹிட் வந்தது, அப்பா வீட்டில் இல்லை

பல நிறுவனங்கள் கதவைச் சாத்திய பிறகு ஏபிசி ரெக்கார்ட்ஸ் அந்த ஆல்பத்தை 1972-ல் வெளியிட்டது. பெயர் ‘யூ டோன்ட் மெஸ் அரவுண்ட் வித் ஜிம்’. அதே பெயரில் இருந்த பாட்டு 8-வது இடம்வரை போனது. ‘ஆபரேட்டர்’ 17-வது இடம். அடுத்த ஆண்டு ஜூலையில் ‘பேட், பேட் லிராய் பிரவுன்’ முதலிடத்தையே பிடித்தது. ஒரு வருஷம் முன்புவரை லாரி ஓட்டியவர் இப்போது டிவி நிகழ்ச்சிகளில். சுருட்டு, தடித்த மீசை, ஜீன்ஸ் சட்டை. பாட்டுக்குப் பாட்டு நடுவே கதை சொல்லியே கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற ஆள்.

‘டைம் இன் எ பாட்டில்’? அதே ஆல்பத்தில் சும்மா கிடந்தது. சிங்கிளாக வெளியிடவே இல்லை. ரவுடிப் பாட்டுகளுக்குக் கைதட்டல் கிடைக்கும்போது மெல்லிசைக்கு அவசரம் என்ன என்று நினைத்திருக்கலாம்.

இதில் ஒரு கொடுமை உண்டு. நேரத்தைக் குடும்பத்தோடு கழிக்க ஆசைப்பட்டு எழுதியவர், அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தை விற்பதற்காகவே வருஷம் முழுக்கச் சாலையில் இருந்தார். மகன் நடக்கப் பழகியதும் பேசப் பழகியதும் பெரும்பாலும் அப்பா ஊரில் இல்லாத நாட்களில். பட்டியலில் முதலிடம் வந்த பிறகும் கைக்கு வந்தது சொற்பம்தான் என்று இங்கிரிட் பின்னாளில் தன் நூலில் எழுதியிருக்கிறார். பயணச் செலவு, ஒலிப்பதிவுச் செலவு என எல்லாம் கழிந்து, ஒப்பந்தப்படி மிச்சம் கிடைப்பது அவ்வளவுதான். 1973-ல் குடும்பம் கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்கு மாறியது. புது ஊர், புது வீடு. அங்கே அவர் தங்கிய நாட்கள் சொற்பம்.

12, 20, 28

1973 செப்டம்பரின் மூன்று தேதிகளைப் பார்க்கலாம்.

செப்டம்பர் 12. ஏபிசி தொலைக்காட்சியில் ‘ஷீ லிவ்ஸ்!’ என்ற படம் ஒளிபரப்பானது. புற்றுநோயால் நாட்கள் எண்ணப்படுகிற ஓர் இளம்பெண்ணும் அவள் காதலனும்தான் கதை. அதில் ‘டைம் இன் எ பாட்டில்’ ஒலித்தது. இது என்ன பாட்டு, எங்கே கிடைக்கும் என்று வானொலி நிலையங்களுக்கு விசாரிப்பு குவிந்தது. ஒன்றரை வருஷம் ஆல்பத்தில் தூங்கிய பாட்டு ஒரே ராத்திரியில் விழித்துக்கொண்டது.

செப்டம்பர் 20. லூசியானா மாநிலத்தில் நாக்கிடிஷ் என்று ஓர் ஊர் (எழுத்தைப் பார்த்துப் படித்தால் யாருக்கும் இந்த உச்சரிப்பு வராது). அங்கே நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கச்சேரியை முடித்துக்கொண்டு ஜிம்மும் மோரியும் குழுவினரும் வாடகைச் சிறு விமானத்தில் ஏறினார்கள். அடுத்த கச்சேரி டெக்சாஸில். விமானம் கிளம்பிய கையோடு, ஓடுபாதையின் முடிவுக்கு அப்பால் நின்ற ஒரு பீக்கன் மரத்தில் மோதியது. விமானியோடு சேர்த்து 6 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. மோரிக்கு வயது 24. விமானி மரத்தைக் கவனிக்கத் தவறியதாகவும், அவருக்குக் கடுமையான இதயநோய் இருந்ததாகவும் விசாரணை சொன்னது.

செப்டம்பர் 28. ஏ.ஜே.க்கு இரண்டாவது பிறந்தநாள்.

இதற்குப் பிறகு சான் டியாகோ வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜிம் பயணத்திலிருந்து இங்கிரிட்டுக்கு எழுதிப் போட்டது. ஊர் ஊராகச் சுற்றுவதை விட்டுவிடப் போகிறேன், சிறுகதையும் சினிமாவுக்குக் கதையும் எழுதிக்கொண்டு வீட்டோடு இருக்கப் போகிறேன் என்பதுதான் சாரம். பாட்டில் கேட்டதை வாழ்க்கையில் செய்ய முடிவெடுத்துவிட்டார். அவர் ஊர் திரும்பும் முன் கடிதம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். பென்சில்வேனியாவில் ஃபிரேசர் என்ற ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

புத்தாண்டைத் தாண்டிய முதலிடம்

அதன் பிறகு ஏபிசி ரெக்கார்ட்ஸ் பாட்டை சிங்கிளாக வெளியிட்டது. டிவி படத்தால் கிளம்பிய ஆர்வமும், செய்தித்தாளில் வந்த மரணச் செய்தியும் ஒன்றுசேர்ந்தன. இப்போது பாட்டு அர்த்தமே மாறிக் கேட்டது. அதே சொற்கள்தான், அதே இசைதான். ஆனால் அப்பாவாகப் போகிறவனின் தவிப்பு யாருக்கும் கேட்கவில்லை. சாகப்போகிறவனின் விடைபெறுதலாகக் கேட்டது. வானொலித் தொகுப்பாளர்கள் அந்த விபத்தைச் சொல்லாமல் பாட்டைப் போடுவது அரிது.

1973 டிசம்பர் 29 தேதியிட்ட ஹாட் 100 பட்டியலில் முதலிடம். அடுத்த வாரமும் அதே இடம். ஆக, காலத்தைப் பற்றிய பாட்டு ஒன்று பழைய ஆண்டின் கடைசிப் பட்டியலிலும் புது ஆண்டின் முதல் பட்டியலிலும் உச்சியில் இருந்தது. பாடியவர் இறந்த பிறகு முதலிடம் பிடித்த பாட்டு அந்தப் பட்டியலின் வரலாற்றில் அதற்கு முன் இரண்டே இரண்டு: 1968-ல் ஓடிஸ் ரெடிங், 1971-ல் ஜானிஸ் ஜாப்ளின். மூன்றாவது ஜிம் குரோச்சி.

ஆல்பத்தின் கதை இன்னும் விசித்திரம். வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆன ‘யூ டோன்ட் மெஸ் அரவுண்ட் வித் ஜிம்’ 1974 தொடக்கத்தில் ஆல்பப் பட்டியலில் 5 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. விபத்துக்குச் சில நாள் முன்பு பதிவை முடித்திருந்த ‘ஐ காட் எ நேம்’ ஆல்பமும் 2-வது இடம்வரை ஏறியது. உயிரோடு இருந்தபோது கச்சேரிக்குக் கச்சேரி விரட்டிப் பிடிக்க முயன்றதெல்லாம் மொத்தமாக வந்து நின்றது.

இறந்ததால்தான் ஹிட்டானதா? பாதி உண்மை. விசாரிப்புகள் குவிந்தது அவர் உயிரோடு இருந்த கடைசி 8 நாட்களில். எப்படியும் மேலே வந்திருக்கும் பாட்டுதான். முதலிடம்வரை போயிருக்குமா என்பது வேறு.

கோர்ட்டுக்குப் போன கையெழுத்து

பாட்டு இவ்வளவு விற்றதே, குடும்பத்துக்கு என்ன வந்தது? இங்கிரிட் வழக்குத் தொடுத்தார். நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ‘குரோச்சி எதிர் கர்னிட்’ என்ற வழக்கில் 1982-ல் தீர்ப்பு வந்தது. 1968 ஒப்பந்தங்கள் கறாரானவை, ஆனால் சட்டப்படி செல்லாது என்று தள்ளுமளவுக்கு நியாயமற்றவை அல்ல என்றது நீதிமன்றம். அதேசமயம், எதிர்த்தரப்பில் பங்கு வைத்திருந்த அந்த வழக்கறிஞர், தனியாக ஒருவரிடம் ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள் என்று தம்பதியிடம் சொல்லத் தவறியது நம்பிக்கைக் கடமையை மீறிய செயல் என்றும் சொன்னது. மனைவிக்குக் கிடைத்தது அரை வெற்றி. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பொழுதுபோக்குத் துறை ஒப்பந்தங்களைப் பற்றிய பாடத்தில் வருகிறது. ஆஃபர் லெட்டரை ஸ்க்ரோல் பண்ணிக் கீழே போய்க் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒருமுறை தேடிப் படிக்கலாம்.

1985-ல் இங்கிரிட் சான் டியாகோவில் ‘குரோச்சிஸ்’ என்ற உணவகத்தைத் திறந்தார். சாப்பாட்டோடு நேரடி இசையும் உண்டு. கணவர் நினைவாக அதைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1990-ல் பாடலாசிரியர்களுக்கான ‘சாங்ரைட்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்’ ஜிம்மின் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

ஏ.ஜே. என்ன ஆனார்? 4 வயதில் பார்வையை இழந்தார், பிறகு ஒரு கண்ணில் ஓரளவு மீண்டது. அந்த இருட்டில் பியானோதான் துணை. ரே சார்ல்ஸையும் ஸ்டீவி வொண்டரையும் கேட்டுக் கேட்டுத் தானாகப் பழகிக்கொண்டார். வளர்ந்து பாடகரும் ஆனார். ஆனால் அப்பாவின் பாட்டுகளை மேடையில் பாடவே மாட்டார், பல வருஷம் அப்படித்தான். அப்பா பெயரை வைத்துப் பிழைக்கிறான் என்ற பேச்சு வேண்டாம் என்று ஒதுங்கியே இருந்தார்.

பிறகு ஒரு நாள், அப்பா வீட்டில் பாடிப் பதிந்த பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு டேப்பில் ஜிம் தனக்காக மட்டும் பழைய ப்ளூஸ், ஜாஸ் பாட்டுகளைப் பழகிக்கொண்டிருந்தார். ஃபேட்ஸ் வாலர் காலத்துப் பாட்டுகள், யாருக்கும் அதிகம் தெரியாதவை. ஏ.ஜே.க்கு அத்தனையும் தெரியும். அவர் சிறுவனாக இருக்கும்போதிருந்தே, யாரும் சொல்லித்தராமல் தானே தேடிப்பிடித்துப் பாடிவந்த அதே பாட்டுகள். இரண்டு வயதுகூட நிரம்பாதபோது போன அப்பாவும் மகனும் ஒரே பட்டியலை வைத்திருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் ‘குரோச்சி ப்ளேஸ் குரோச்சி’ என்ற பெயரில் கச்சேரி நடத்த ஆரம்பித்தார். தான் பிறப்பதற்கு 9 மாதம் முன்பு எழுதப்பட்ட பாட்டையும், அப்பா வாழ்ந்ததைவிட அதிக வயதில், இப்போது மேடையில் பாடுகிறார்.